இரண்டு கோடி டாலரும் ஒரு சொல்லும்: 1898ஆம் ஆண்டுப் போரும் சூலு முஸ்லிம்களும்

வளைகுடா நாடுகளில் பணிபுரிந்த நம்மவர்களுக்குப் பிலிப்பைன்ஸ் நாட்டினர் புதியவர்கள் அல்லர். ஒரே மருத்துவமனையில், ஒரே கப்பலில், ஒரே குடியிருப்பில் அவர்களோடு ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவர்கள் நம் குடும்பங்களில் ஏராளம். ஆயினும் அந்நாட்டின் தென்கோடியில், போர்னியோவை நோக்கி நீளும் சிறு தீவுகளில், பல நூற்றாண்டுகளாகப் பாங்கொலி கேட்டு வருகிறது என்பதை நம்மில் பலர் அறிந்ததில்லை. அத்தீவுக் கூட்டத்தின் பெயர் சூலு. அங்கே வாழ்வோர் தவுசுக் மக்கள். 1380ஆம் ஆண்டில் மக்தூம் கரீம் என்னும் பெரியார் சிமுனுல் தீவில் பள்ளிவாசல் எழுப்பினார் என்பது அம்மக்கள் வழிவழியாகச் சொல்லி வருவது. மக்தூம் என்ற பட்டம் நம் கடற்கரைக்கும் புதிதன்று. பொன்னானி மக்தூம்களின் மூதாதையர் நம் மஅபர் கரையிலிருந்து சென்றவர்கள் என்று கூறப்படுவதை இங்கே நினைவுகூரலாம்.

பதினைந்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சூலுவில் சுல்தானிய ஆட்சி தோன்றியது. ஏறத்தாழ நானூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னர், உலகின் மறுகோடியில் இரண்டு வல்லரசுகள் கியூபாவுக்காக மூட்டிய போரொன்றின் முடிவில், அத்தீவுகள் கைமாறின. அப்போரைத்தான் நாம் இங்கே காணப் போகிறோம். ஒன்று சரிந்து கொண்டிருந்த ஸ்பெயின், மற்றது எழுந்து கொண்டிருந்த அமெரிக்கா. அவ்விரண்டின் வரலாற்று நூல்களிலும் சூலு ஓர் அடிக்குறிப்பாகவே இடம்பெறும். அந்த அடிக்குறிப்பை நாம் சற்று விரித்துப் படிப்போம்.

முதலில் ஒரு பெயரின் கதை. 1492ஆம் ஆண்டு ஜனவரியில் கர்னாத்தா வீழ்ந்தது. அந்தலூஸில் முஸ்லிம் ஆட்சியின் கடைசி விளக்கு அணைந்தது. அங்கே தாங்கள் வென்றொழித்த முஸ்லிம்களை ஸ்பானியர் ‘மோரோ’ என்று அழைத்தனர். எழுபத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 1571இல், லெகாஸ்பி என்ற ஸ்பானியத் தளபதி மணிலாவைக் கைப்பற்றினார். அவ்வூரை அப்போது ஆண்டவர் சுலைமான் என்ற முஸ்லிம் சிற்றரசர். இன்று கத்தோலிக்கத் தலைநகராக அறியப்படும் மணிலா ஒரு முஸ்லிம் ஆட்சியாளரிடமிருந்து பறிக்கப்பட்டது என்பதே பலருக்கு வியப்பளிக்கும் செய்தி. அதே 1571இல்தான் அல்புஹாரா மலைகளில் எழுந்த கர்னாத்தா முஸ்லிம் வழியினரின் கிளர்ச்சி முற்றிலுமாக நசுக்கப்பட்டது. ஆகவே ஸ்பானியக் கண்ணுக்கு மேற்கே இருந்தவரும் கிழக்கே இருந்தவரும் ஒருவராகவே தெரிந்தனர். அரபியும் அறியாத, ஆப்பிரிக்காவைக் கண்ணாலும் காணாத தவுசுக் மீனவர் ‘மோரோ’ ஆனார்.

இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. போர்த்துக்கீசியர் இலங்கையில் கண்ட, தமிழ் பேசும் முஸ்லிம்களுக்கும் அதே பெயரைத்தான் சூட்டினர். சோனகர் என்று தம்மை அழைத்துக் கொண்ட அம்மக்கள் இன்றளவும் இலங்கையின் ஆங்கில ஆவணங்களில் ‘மூர்’ என்றே பதியப்படுகின்றனர். ஐபீரியர்கள் தம் பழைய பகையைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்து, இறங்கிய துறைமுகங்களிலெல்லாம் இறக்கி வைத்தார்கள்.

மணிலாவில் வேரூன்றிய ஸ்பெயினால் தெற்கே மிந்தனாவோவையும் சூலுவையும் முந்நூறு ஆண்டுகளாக முழுதாக வசப்படுத்த இயலவில்லை. இப்போர்களைப் பற்றிப் பேசும்போது, நம்மவர்கள் என்பதற்காக ஒன்றை மறைப்பது நேர்மையாகாது. பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் சூலுவின் ஆதரவோடு இயங்கிய கடலோடிகள் வடக்கே விசாயத் தீவுகளின் கரையோரச் சிற்றூர்களைச் சூறையாடி, ஆயிரக்கணக்கான எளிய மக்களைச் சிறைபிடித்து அடிமைகளாக விற்றனர். சீனத்துக்கு ஏற்றுமதியான கடலட்டையையும் முத்துச்சிப்பியையும் சேகரிக்க அந்த அடிமை உழைப்பே பயன்பட்டது. அவ்வூர்களின் பழைய காவற்கோபுரங்கள் சொல்லும் கதையில் நாம் நல்லவர்களாகத் தோன்றுவதில்லை. பின்னர் நடந்த கொடுமைகளுக்கு இது நியாயமாகிவிடாது. ஆனால் வரலாற்றின் ஒரு பக்கத்தை மட்டும் படிப்பவர் அதை அறிந்தவராக மாட்டார்.

போக்கை மாற்றியது நீராவி. பாய்மரக் கப்பல்களைத் தம் வேகமான படகுகளால் ஏய்த்து வந்த கடலோடிகளுக்கு, காற்றின் தயவு தேவைப்படாத கப்பல் புதிய எதிரியானது. 1848இல் ஸ்பெயின் நீராவிக் கப்பல்களைக் கொண்டு பலாங்கிங்கி தீவுக் கோட்டைகளைத் தகர்த்தது. 1876இல் சூலுவின் தலைநகரான ஹோலோ வீழ்ந்தது. ஆங்கில எழுத்தைப் பார்த்து ஜோலோ என்று படித்துவிடுகிறோம். ஸ்பானிய உச்சரிப்பில் அது ஹோலோ. ஸ்பானியர் அவ்வூரைச் சுற்றி மதில் எழுப்பினர். அவர்களது அதிகாரமும் பெரிதும் அம்மதிலுக்குள்ளேயே அடங்கிக் கிடந்தது.

1878ஆம் ஆண்டில் சுல்தான் ஜமாலுல் அஃலம் இரண்டு ஆவணங்களில் முத்திரையிட்டார். அவ்விரண்டும் இன்றுவரை தீராத வழக்குகளாயின. ஜனவரியில் வட போர்னியோ நிலப்பரப்பை ஆண்டுக்கு 5,000 டாலருக்கு ஓவர்பெக், டெண்ட் என்ற இரு ஐரோப்பியரிடம் ஒப்படைத்தார். மூல ஆவணத்தில் உள்ள மலாய்ச் சொல் ‘பஜக்’. அது குத்தகை என்கிறது சூலுவின் தரப்பு. நிரந்தரமாக விட்டுக் கொடுத்தது என்றது மறுதரப்பு. இன்றைய சபா மாநிலம் அந்நிலத்தில்தான் அமைந்திருக்கிறது. மலேசிய அரசு 2013 வரை சுல்தானின் வாரிசுகளுக்கு ஆண்டுதோறும் ஒரு சிறு தொகை செலுத்தி வந்தது. குத்தகைப் பணம் என்று வாங்கியவர் நினைக்க, விலையின் பகுதி என்று கொடுத்தவர் நினைக்க, நூற்று முப்பத்தைந்து ஆண்டுகள் கடந்தன!

அதே ஆண்டு ஜூலையில் ஸ்பெயினுடன் சமாதான ஒப்பந்தம். ஸ்பானியப் பிரதி, சூலுவின் மீது ஸ்பெயினுக்கு மறுக்கவியலாத இறையாண்மை உண்டு என்றது. தவுசுக் பிரதியில் அச்சொல்லின் பாரம் இல்லை. நட்பும் பாதுகாப்பும் என்ற அளவில்தான் அது பேசியது. இரு தரப்பும் நிறைந்த மனத்தோடு பிரிந்தன. தாம் என்ன வாங்கினோம் என்று ஒருவருக்கும், என்ன கொடுத்தோம் என்று மற்றவருக்கும் வெவ்வேறு எண்ணம். இதே தவறு இன்னொரு முறை நிகழவிருந்தது என்பதை வாசகர்கள் நினைவில் இருத்திக் கொள்ள வேண்டுகிறோம்.

இப்போது அட்லாண்டிக் கடலுக்குச் செல்வோம். தென் அமெரிக்கா முழுவதும் 1820களிலேயே ஸ்பெயினின் கையை விட்டு நழுவிவிட்டது. எஞ்சியவை கியூபா, போர்ட்டோ ரிக்கோ, பிலிப்பைன்ஸ், குவாம் மற்றும் பசிபிக்கில் சிதறிக் கிடந்த சில தீவுகள். 1895இல் கியூபாவில் விடுதலைப் போர் மூண்டது. அதை அடக்க அனுப்பப்பட்ட தளபதி வெய்லர், கிராமத்து மக்களை முள்வேலி முகாம்களில் அடைத்தார். பசியாலும் நோயாலும் அங்கே மாண்டவர் ஒரு லட்சத்துக்கும் மேல். அக்கொடுமை உண்மை. அதை வைத்து நியூயார்க் நாளிதழ்கள் வியாபாரம் செய்ததும் உண்மை. ஹெர்ஸ்ட், புலிட்சர் ஆகிய இரு முதலாளிகளின் பத்திரிகைப் போட்டியில் கியூபாவின் துயரம் நாள்தோறும் விற்பனைப் பொருளானது.

1898 பிப்ரவரி 15 இரவு, ஹவானா துறைமுகத்தில் நின்றிருந்த ‘மெய்ன்’ என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் வெடித்துச் சிதறியது. இருநூற்று அறுபதுக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். ஸ்பெயின்தான் கண்ணிவெடி வைத்தது என்று பத்திரிகைகள் முழங்கின. 1976இல் அமெரிக்கக் கடற்படையின் அட்மிரல் ரிக்கோவர் நடத்திய ஆய்வு, கப்பலின் நிலக்கரிக் கிடங்கில் பற்றிய தீயே காரணமாக இருந்திருக்கக்கூடும் என்று முடிவு செய்தது. அதற்குள் எழுபத்தெட்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. ஒருவர் கொண்டு வரும் செய்தியைத் தீர விசாரிக்குமாறு ஹுஜுராத் அத்தியாயத்தில் நமக்கிடப்பட்ட கட்டளையைச் சொற்பொழிவாளர்கள் விளக்கும்போது, இந்தக் கப்பலையும் ஓர் எடுத்துக்காட்டாகச் சொல்லலாம்.

ஏப்ரலில் போர் அறிவிக்கப்பட்டது. ஆகஸ்டில் முடிந்துவிட்டது. மே 1 அன்று மணிலா விரிகுடாவில் அட்மிரல் டூயி சில மணி நேரத்தில் ஸ்பானியக் கப்பற்படையை அழித்தார். அமெரிக்கத் தரப்பில் இறந்தவர் ஒரே ஒருவர், அவரும் வெப்பத் தாக்கத்தால். ஜூலை 3 அன்று கியூபாவின் சாந்தியாகோவுக்கு வெளியே ஸ்பெயினின் மற்றொரு கப்பற்படை எரிந்து கரையொதுங்கியது. இப்போர் முழுவதிலும் சண்டையில் மடிந்த அமெரிக்கர் நானூறு பேருக்கும் குறைவு. காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும் இறந்தவர்கள் அதைப்போல் பல மடங்கு. ஸ்பானியர் இன்றும் 1898ஐப் ‘பேரழிவு’ என்றே அழைக்கின்றனர். கியூபாவில் போரிட்ட ‘ரஃப் ரைடர்ஸ்’ என்ற தொண்டர் குதிரைப்படைக்கு முதல் தலைவர் லியோனார்ட் வுட் என்ற இராணுவ மருத்துவர். அவருக்கு அடுத்த நிலையில் இருந்தவர் தியோடர் ரூஸ்வெல்ட். இவ்விரு பெயர்களும் சூலுவில் மீண்டும் வரும்.

மணிலாவின் வீழ்ச்சியை நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். ஸ்பெயினுக்கு எதிராகப் பிலிப்பினோக்கள் தாமே ஆயுதம் ஏந்தியிருந்தனர். அவர்களின் தலைவர் அகினால்டோ ஜூன் 12 அன்று விடுதலையைப் பிரகடனம் செய்துவிட்டார். அவரது படைகள் மணிலாவை வளைத்து நின்றன. நகரத்தின் ஸ்பானியத் தளபதிக்குத் தோல்வி உறுதி என்று தெரியும். ஆனால் நேற்றுவரை தாம் ஆண்டவர்களிடம் சரணடைய மானம் இடங்கொடுக்கவில்லை. ஆகவே இரு வெள்ளைப் படைகளும் இரகசியமாகப் பேசி ஒரு போலிச் சண்டைக்கு ஏற்பாடு செய்தன. ஆகஸ்ட் 13 அன்று பேருக்குக் குண்டுகள் முழங்கின, வெள்ளைக்கொடி ஏறியது, அமெரிக்கர் உள்ளே நுழைந்தனர், பிலிப்பினோப் படை வெளியே நிறுத்தப்பட்டது. அதற்கு முதல்நாளே வாஷிங்டனில் போர்நிறுத்தம் கையெழுத்தாகியிருந்தது. கடலடித் தந்திக் கம்பியை டூயியே அறுத்திருந்ததால் அச்செய்தி மணிலாவை எட்டவில்லை.

டிசம்பர் 10 அன்று பாரிஸ் ஒப்பந்தம். பிலிப்பைன்ஸுக்காக அமெரிக்கா ஸ்பெயினுக்கு இரண்டு கோடி டாலர் தந்தது. பேச்சு மேசையில் இடம் கேட்டுச் சென்ற பிலிப்பினோத் தூதர் அகோன்சில்யோவுக்குக் கதவு திறக்கவில்லை. சூலுவைப் பொறுத்தவரை கேட்கச் செல்லவும் ஆளில்லை. தாம் முழுமையாக ஒருபோதும் ஆண்டிராத கடலையும் தீவுகளையும் ஸ்பெயின் விற்றது. எதை வாங்குகிறோம் என்று தெரியாமலேயே அமெரிக்கா வாங்கியது. இது மிகைக் கூற்றன்று. வரைபடத்தில் கோடு கிழித்தபோது சூலுவுக்குரிய சிபுத்து, ககாயான் தே சூலு ஆகிய இரு தீவுகள் கோட்டுக்கு வெளியே விடுபட்டுவிட்டன. அவற்றுக்காக 1900இல் மற்றுமோர் ஒப்பந்தம் எழுதி, ஒரு லட்சம் டாலர் தனியே தர வேண்டியதாயிற்று.

1899 பிப்ரவரியில் அமெரிக்கருக்கும் அகினால்டோவின் குடியரசுக்கும் இடையே போர் மூண்டது. வடக்கே அப்போர் கடுமையாக நடந்து கொண்டிருக்கையில் தெற்கேயும் முஸ்லிம்கள் எழுந்துவிட்டால் என்னாவது என்ற அச்சம் வாஷிங்டனைப் பிடித்தது. அச்சத்துக்கு வாஷிங்டன் தேடிய மருந்து நமக்கு முக்கியமானது. வெளியுறவுச் செயலர் ஜான் ஹே, இஸ்தான்புல்லில் இருந்த அமெரிக்கத் தூதர் ஆஸ்கர் ஸ்ட்ராஸைத் தொடர்பு கொண்டார். ஸ்ட்ராஸ் ஒரு யூதர். அவர் உஸ்மானிய சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீதைச் சந்தித்தார். கலீஃபா என்ற நிலையில் சூலு முஸ்லிம்களுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்பது கோரிக்கை. தம் கோரிக்கைக்கு வலுச்சேர்க்க அவர் எடுத்துக்காட்டியது, 1796இல் திரிபோலியுடன் அமெரிக்கா செய்துகொண்ட பழைய உடன்படிக்கை. அமெரிக்க அரசு கிறிஸ்தவ மதத்தின் மீது நிறுவப்பட்டதன்று, முஸ்லிம்களின் மார்க்கத்தோடு அதற்குப் பகை ஏதுமில்லை என்ற கருத்து அதன் பதினொன்றாம் பிரிவில் இருக்கிறது.

பின்னாளில் தம் நினைவுக் குறிப்பில் ஸ்ட்ராஸ் எழுதியதன்படி, கலீஃபா மனம் மகிழ்ந்து மக்காவுக்குத் தந்தி அனுப்பினார். அவ்வேளை ஹஜ்ஜுக்கு வந்திருந்த சூலுத் தலைவர்கள் இருவரிடம் செய்தி ஒப்படைக்கப்பட்டது: வடக்கிலுள்ள கிளர்ச்சியாளரோடு சேர வேண்டாம், அமெரிக்கக் கொடியின் கீழ் அமைதியாயிருங்கள். குறைந்தது இருபதாயிரம் படைவீரர்களின் தேவையை இம்முயற்சி தவிர்த்ததாக அதிபர் மெக்கின்லி பாராட்டினார் என்றும் ஸ்ட்ராஸ் குறிப்பிடுகிறார். தம் சாதனையைத் தாமே எழுதுபவரின் வாக்குமூலத்தைச் சற்றுக் குறைத்தே எடுத்துக்கொள்ள வேண்டும். வடக்கே இருந்த கத்தோலிக்கரோடு சேர்வதற்கு தவுசுக் மக்களுக்கு வேறு தயக்கங்களும் இருந்தன. ஆயினும் செய்தி போனது, அமைதி காக்கப்பட்டது.

அப்துல் ஹமீதைக் குறை கூறுவது எளிது. அவரது பேரரசும் அன்று சரிந்து கொண்டுதான் இருந்தது. ஐரோப்பிய அரசுகள் அதைப் பங்கிடக் காத்திருந்தன. பகைமையற்ற ஒரு புதிய வல்லரசின் நட்பு அவருக்குத் தேவைப்பட்டிருக்கும். தொலைவிலுள்ள முஸ்லிம்கள் வீணே குருதி சிந்தக் கூடாது என்று அவர் உண்மையாகவே எண்ணியிருக்கவும் கூடும். எனினும் நம் மனம் ஆறாத இடம் ஒன்று உண்டு. அவர் அனுப்பிய அறிவுரைக்குப் பிணையாக அமெரிக்காவிடமிருந்து எதையும் எழுதி வாங்கவில்லை. ஹாஜிகள் ஊர் திரும்பியபோது அவர்களிடம் இருந்தது கலீஃபாவின் சொல் மட்டுமே. நூற்றுமூன்றாண்டு பழைய திரிபோலி உடன்படிக்கை ஹோலோவில் யாரையும் கட்டுப்படுத்தவில்லை.

இதற்கிடையில், 1899 மே மாதம் ஹோலோவின் மதிலுக்குள் இருந்த ஸ்பானியக் காவற்படை வெளியேறியது. ஊர் தம்மிடம் திரும்பும் என்று சுல்தான் இரண்டாம் ஜமாலுல் கிராம் எதிர்பார்த்திருந்தார். மதிலில் ஏறியதோ அமெரிக்கக் கொடி. ஆகஸ்ட் 20 அன்று தளபதி ஜான் பேட்ஸ் அவரோடு ஓர் உடன்படிக்கை செய்தார். மார்க்க விவகாரங்களில் தலையிடுவதில்லை. சுல்தானுக்கும் தத்துகளுக்கும் உரிய கண்ணியம் காக்கப்படும். சுல்தானுக்கு மாதம் 250 மெக்சிகோ டாலர் ஊதியம், தத்துகளுக்கு அவரவர் தகுதிக்கேற்ப. தத்து என்பது அங்கே குலத்தலைவரைக் குறிக்கும் சொல். அடிமைகள் சந்தை விலையைக் கொடுத்துத் தம்மை விடுவித்துக்கொள்ளலாம் என்றும் ஒரு பிரிவு இருந்தது. அடிமை முறையை ஒழிக்க நான்காண்டுகள் உள்நாட்டுப் போர் நடத்திய நாட்டின் அரசு அதில் கையெழுத்திட்டதைக் கண்டு அமெரிக்காவிலேயே பலர் வெகுண்டனர்.

ஆங்கிலப் பிரதியின் முதற்பிரிவு, சூலுத் தீவுகள் அனைத்தின் மீதும் அமெரிக்காவின் இறையாண்மையை அறிவித்து ஏற்றுக்கொண்டது. தவுசுக் பிரதியில் அவ்விடத்தில் இருந்த கருத்து வேறு: தீவுகளுக்கு ஆதரவும் உதவியும் பாதுகாப்பும் அமெரிக்காவிடம் இருக்கும். காப்பவனும் ஆள்பவனும் ஒருவனல்லன். இருபத்தொரு ஆண்டுகளுக்கு முன் ஸ்பானியரோடு நேர்ந்த அதே பிழை, எழுத்துக்கு எழுத்து என்று சொல்லத்தக்க வகையில், திரும்பவும் நேர்ந்தது. அது பிழையா, வேண்டுமென்றே விட்ட இடைவெளியா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் வாதிடுகின்றனர்.

அந்தத் தவுசுக் பிரதி அரபி எழுத்தில் எழுதப்பட்டது. நம் பாட்டிமார் அரபுத் தமிழில் ஓதிய ஏடுகளைப் பார்த்தவர்கள் அதன் தோற்றத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம்: எழுத்து குர்ஆனுடையது, மொழி தாய்மொழி. நாம் கிஸ்ஸா என்று வழங்கும் பாட்டு வகைக்கு அம்மக்களும் கிஸ்ஸா என்றே பெயர் சொல்கின்றனர். கடல் கடந்து வாழும் அந்தச் சமுதாயம் நமக்கு எவ்வளவு நெருங்கியது என்று இத்தகைய சிறு செய்திகளில்தான் உணர்கிறோம்.

ஹுதைபியாவை இங்கே நினையாமல் இருக்க முடியவில்லை. ஹிஜ்ரி ஆறாம் ஆண்டு அங்கே எழுதப்பட்ட ஏட்டில் ‘அல்லாஹ்வின் தூதர்’ என்ற சொற்களை ஏற்க முடியாது என்று சுஹைல் பின் அம்ர் மறுத்தார். அதை அழிக்க அலீ (ரலி) அவர்களுக்கு மனம் வரவில்லை. நபி (ஸல்) அவர்கள் தம் கையாலேயே அழித்தார்கள். தோழர்களுக்கு அது எத்துணைக் கசப்பாயிருந்தது என்பதை நாம் சிறுவயதிலிருந்தே கேட்டு வருகிறோம். ஆனால் அந்த ஏடு ஒன்றே. இரு தரப்பும் ஒரே மொழியில், ஒரே வாசகத்தைப் படித்தன. எந்தச் சொல் போயிற்று, எது நின்றது என்பதை இரு தரப்பும் கண்ணால் கண்டன. ஹோலோவில் சண்டை இல்லை, கசப்பு இல்லை, மறுப்பு இல்லை. எல்லாரும் இணங்கினர், தாம் எதற்கு இணங்குகிறோம் என்று அறியாமல்.

வடக்கே போர் அடங்கிய பிறகு தெற்கின் அமைதி தேவைப்படவில்லை. 1903இல் ‘மோரோ மாகாணம்’ அமைக்கப்பட்டு அதன் ஆளுநராக லியோனார்ட் வுட் வந்தார். வாஷிங்டனில் அதிபராக இருந்தவர் ரூஸ்வெல்ட். 1904 மார்ச்சில் பேட்ஸ் உடன்படிக்கையை அமெரிக்கா தன்னிச்சையாக இரத்து செய்தது. சூலு நிபந்தனைகளை மீறியது என்று காரணம் சொல்லப்பட்டது. மார்க்கத்தில் தலையிடுவதில்லை என்ற வாக்குறுதியும் அத்தோடு காகிதமாயிற்று. தலைக்கு இவ்வளவு என்று ‘செடுலா’ வரி விதிக்கப்பட்டது. முஸ்லிமல்லாத அரசுக்குத் தலைவரி செலுத்துவது அடிமைச் சின்னமாகவே தவுசுக் மக்களுக்குப் பட்டது.

வரி கட்ட மறுத்த குடும்பங்கள் ஹோலோ நகருக்கு அருகிலுள்ள புட் தாஹோ மலையில் ஏறின. அது ஏறத்தாழ 2,000 அடி உயரமுள்ள அவிந்த எரிமலை. உச்சியில் கிண்ணம் போன்ற பள்ளம், செங்குத்தான சரிவுகள், ஏறுவதற்குச் சில ஒற்றையடிப் பாதைகள் மட்டுமே. மேலே சென்றவர்கள் அங்கே குடிசை போட்டனர், பயிரிட்டனர், பெண்டு பிள்ளைகளோடு வாழ்ந்தனர். சுல்தானும் தத்துகள் பலரும் அவர்களுக்குத் துணை நிற்கவில்லை. இறங்கி வருமாறு தூதனுப்பினர். மாத ஊதியம் பெறுபவரின் தூது மலை மேல் எப்படி ஒலித்திருக்கும்!

1906 மார்ச் 5 முதல் 8 வரை அமெரிக்கப் படை அம்மலையைத் தாக்கியது. மலைப் பீரங்கிகளைக் கயிறு கட்டி உச்சிக்கு இழுத்தனர். வாளும் ஈட்டியும் சில துப்பாக்கிகளும் வைத்திருந்தவர்கள் மீது பள்ளத்தின் விளிம்பிலிருந்து குண்டுமழை பொழிந்தது. வுட்டின் அறிக்கை, இறந்த முஸ்லிம்கள் அறுநூறு என்றது. ஆயிரத்தை நெருங்கும் என்பது பிற்கால ஆய்வாளர் பலரின் கணக்கு. உயிர் தப்பியோர் விரல்விட்டு எண்ணத்தக்கவர். படையினரில் மாண்டவர் இருபது பேர் அளவில். பெண்களும் ஆணுடை அணிந்து போரிட்டனர், குழந்தைகள் கேடயமாகப் பயன்படுத்தப்பட்டனர் என்று வுட் விளக்கம் தந்தார். ரூஸ்வெல்ட் வாழ்த்துத் தந்தி அனுப்பினார். கியூபாவில் ஒன்றாய்க் குதிரைப்படை நடத்திய பழைய தோழர்கள் அல்லவா! இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

படைவீரர்கள் பிணக்குவியலின் விளிம்பில் நின்று எடுத்துக்கொண்ட ஒரு புகைப்படம் எஞ்சியிருக்கிறது. மார்பு திறந்த நிலையில் கிடக்கும் ஒரு தாயின் உடலும் அதில் தெரிகிறது. அதை இங்கே வெளியிட எங்களுக்கு மனம் வரவில்லை. அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்த கறுப்பினச் சிந்தனையாளர் தூ பாய்ஸ், அப்படத்தைப் பெரிதாக்கித் தம் வகுப்பறையில் மாட்ட விரும்புவதாகக் கடிதம் எழுதினார். போர் என்றால் என்ன, வெற்றி என்றால் என்ன என்பதை மாணவர்கள் அதில் கற்றுக்கொள்வார்கள் என்பது அவர் கருத்து. எழுத்தாளர் மார்க் ட்வெய்ன் அவ்வாரமே கடும் ஏளனத்தோடு ஒரு குறிப்பைச் சொல்லி எழுதுவித்தார். அவர் உயிரோடிருந்தவரை அது அச்சேறவில்லை. நம் துயரத்தை நம்மவரல்லாதோர் சிலர் தம் துயரமாக எடுத்துக்கொண்டனர் என்பதையும் நன்றியோடு பதிவு செய்ய வேண்டும்.

1913 ஜூனில் புட் பக்சாக் மலையில் மீண்டும் ஒரு படுகொலை. அப்போது படைக்குத் தலைமை தாங்கியவர் பெர்ஷிங். 1915 மார்ச் 22 அன்று சுல்தான் தம் ஆட்சியுரிமையைத் துறந்து, மார்க்கத் தலைவர் என்ற நிலையை மட்டும் வைத்துக்கொண்டு கையெழுத்திட்டார். அந்த ஆவணத்தின் வாசகத்தில் எவருக்கும் ஐயமில்லை.

ஸ்பானியர் இகழ்ந்து அழைத்த ‘மோரோ’ என்ற பெயரை அம்மக்கள் 1960களின் இறுதியிலிருந்து தாமே எடுத்து அணிந்துகொண்டனர். பங்சாமோரோ, அதாவது மோரோ தேசம் என்பது இன்று தென் பிலிப்பைன்ஸில் முஸ்லிம்களின் தன்னாட்சிப் பகுதியின் பெயர். நீண்ட ஆயுதப் போராட்டத்துக்கும் பேச்சுவார்த்தைக்கும் பிறகு, 2019 ஜனவரியில் வாக்கெடுப்பின் மூலம் அது உருவானது. அவ்வாக்கெடுப்பில் சூலு மாகாணத்தின் பெரும்பான்மையோர் ‘வேண்டாம்’ என்று வாக்களித்தனர். மணிலாவின் ஆட்சியைவிடத் தன்னாட்சி மேலல்லவா என்று நாம் வெளியிலிருந்து கேட்கலாம். அவர்களின் காரணங்கள் அவர்களுக்கு. பழைய தன்னாட்சிப் பகுதியின் வாக்குகள் மொத்தமாக ஒரே கணக்கில் எண்ணப்பட்டதால், அந்த ‘வேண்டாம்’ செல்லாமல் போய்ச் சூலுவும் உள்ளே சேர்க்கப்பட்டது. 2024 செப்டம்பரில் பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றம், மறுத்து வாக்களித்த மாகாணத்தை அவ்வாறு சேர்த்தது செல்லாது என்று தீர்ப்பளித்தது. தவுசுக் மக்கள் சொன்ன ஒரு சொல், இம்முறை அவர்கள் சொன்ன பொருளிலேயே படிக்கப்பட்டது. அதற்கு ஐந்தரை ஆண்டுகள் ஆயின.